மேடே

மிரிஸ்ஸாவில் கடல் மூடிவிட்டது.
வைகாசியிலிருந்து ஐப்பசி வரை எங்களுக்குச் சம்பளமில்லை.
பாயைச் சுருட்டித் தார்ப்பாய் கட்டிவிட்டு
மூன்று பஸ் மாறி மஸ்கெலியா வந்தேன்,
நாலாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு
ஸ்கிப்பர் பரீட்சைக்குப் படிக்க.

காம்பராவில் மேசை இல்லை.
கொழுந்துச் சாக்கை உதறிப் போட்டு
அதன் மேல் தெற்குக் கரையை விரித்தேன்.
காலிக்கு மேல் சீனிப் போத்தல்,
தெவுந்தரைக்கு மேல் அண்ணனின் டோர்ச்.
"இதுக்குக் கீழ நெலமே இல்லம்மா."
"அப்ப அங்க யாருக்கு வேல?"

திசைகாட்டி இங்கே பொய் சொல்கிறது.
தகரக் கூரை மேற்கே இழுக்கிறது,
கேஸ் சிலிண்டர் கிழக்கே.
சுற்றிச் சுற்றி நின்று
எங்கள் காம்பராவுக்கு ஒரு பிழை அட்டவணை எழுதினேன்:
வாசலைப் பார்த்தால் நான்கு பாகை,
அடுப்பைப் பார்த்தால் பதினொன்று.

வற்றுப்பெருக்குக் கணக்குத்தான் பிடிபடவில்லை.
மவுசாக்கலைத் தண்ணீருக்கு நிலவைத் தெரியாது.
மின்சார சபை திறந்தால் இறங்கும், வானம் திறந்தால் ஏறும்.
நன்றாக வற்றினால் மூழ்கிய கோயில் தலை காட்டும்.
கடல் வரைபடத்தில் அப்படியான பாறைக்கு
எண்ணின் அடியில் ஒரு கோடு போடுவார்கள்.
கோயிலுக்கும் போட்டேன், பென்சிலில்.

அம்மா என் குறிப்பேட்டைப் புரட்டினாள்.
நேரம், போக்கு, காற்று,
பாயில் ஓடிய ஆயிரத்து நூற்றிருபது மைல்,
இரவுக் காவல் பதினாறு.
"கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரப்பேரு.
மைல் கொறஞ்சா ஒனக்கும் அரப்பேரா?"
"கொறஞ்சா பேரே இல்லம்மா."

ஆனி மழையின் ஒன்பதாம் நாள். கரண்ட் இல்லை.
அபாய அழைப்பு மனப்பாடம் ஆக வேண்டும்;
கை நடுங்கினாலும் நாக்கு நடுங்கக் கூடாதாம்.
சோப்புப் பெட்டியை வாயருகே பிடித்து
உரக்கவே சொன்னேன்:
மேடே, மேடே, மேடே.

லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை.
பக்கத்துக் காம்பராவில் யோகேஸ்வரி எழுந்தாள்.
"எந்த மேடு?"
அதற்கு அப்பால் சவரியம்மா: "மேடு சரியுதாம்!"
அதற்கும் அப்பால் போனது வெறும் ஓட்டம்.
பன்னிரண்டு கதவு. பிள்ளைகள், போர்வைகள்,
அடையாள அட்டைப் பைகள்,
யாருடைய கையிலோ ஒரு ரைஸ் குக்கர்.

தவறான அழைப்பை ரத்துச் செய்யவும்
புத்தகத்தில் ஒரு வாசகம் உண்டு.
அது வாயில் வரவில்லை.
"பாடம்" என்றேன்.
யோகேஸ்வரி நிதானமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

ஆனால் யாரும் உள்ளே போகவில்லை.
டோர்ச்சுகள் ஒவ்வொன்றாய்
லயத்தின் பின்பக்கம் திரும்பின.
வெடிப்பு இருந்தது. நேற்றும் இருந்தது.
கனகசபை விரலை வைத்துப் பார்த்தான்:
"வெசாக் அன்னிக்கு மூணு வெரலு. இப்ப நாலு போகுது."
எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
விரலைக் காட்டினான்.

காலிக்கும் தெவுந்தரைக்கும் இடையே
சாயங்காலமெல்லாம் நடந்த கவராயத்தை
வெடிப்புக்குள் விரித்து வைத்தேன். எழுதினேன்:

இரவு 11.40.
வடக்கு ஆறு பாகை ஐம்பது கலை,
கிழக்கு எண்பது பாகை முப்பத்து நான்கு கலை.
காற்று தென்மேற்கு. பார்வைத் தூரம் கக்கூஸ் வரை.
வெடிப்பு எழுபத்தொரு மில்லிமீற்றர்.
ஆபத்தின் தன்மை:
அந்த இடத்தை விட்டுவிட்டேன்.
ஆட்கள்: நாற்பத்து மூன்று.

குடை பிடித்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.
சவரியம்மாவின் இடுப்பில் தூங்கியவனைக் காட்டினாள்.
"இவனுக்கு அரப்பேரா?"

குறிப்பேட்டில் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதி,
கையெழுத்து வைக்க வேண்டும்.
நாற்பத்து நான்கு.

அடுத்த அளவு இரண்டு மணிக்கு.
காவலுக்கு யார் என்று நான் கேட்குமுன்
யோகேஸ்வரி தன் பேரைச் சொன்னாள்,
முழுதாக, முதலெழுத்தோடு.